பக்கத்திலிருந்து ஒரு படம்

எலியோதோரோவுக்கு ஒரு கிடார் வேண்டும், அதுவும் நவம்பர் பிறப்பதற்குள். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் திருநாளில் செத்துப்போன அவர் மனைவி நிகோலாசாவுக்கு இது மூன்றாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் மேசை போட்டு, ரொட்டியும் தண்ணீரும் வைத்து வரவேற்றாயிற்று. மூன்றாவது வருஷம் பாட்டோடு வழியனுப்பிவிட வேண்டும், அப்புறம் அவளுக்கென்று மேசை கிடையாது. எங்கள் மலைநகரமான ஒரூரோவில் அப்படித்தான்.

அவர்கள் வீட்டுப் பழைய கிடார் அவள் இறந்த குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரிலேயே தொங்கிக் காய்ந்து, கழுத்து பெயர்ந்துவிட்டது. என் மகனுக்கு எலியோதோரோ ஞானத்தகப்பன், அதனால் எனக்குக் கொம்பாத்ரே; பெண்ணான நான் அவருக்குக் கொமாத்ரே. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவனும் சிலியில் இருக்கிறான், இருக்கிறாயா செத்தாயா என்று கேட்கமாட்டான்.

கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்று, போனில் பழைய கிடார்களைத் தேட ஆரம்பித்தார். நான் ரொட்டி கொண்டு போகும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியோடு போனுக்குள் புதைந்திருப்பார்.

"இது நல்லாத்தானே இருக்கு?" என்பேன்.

"முன்னாலேர்ந்து எடுத்தா எந்தக் கிடாரும் நல்லாத்தான் இருக்கும் கொமாத்ரே. பக்கத்துலேர்ந்து எடுக்கச் சொல்லணும். பாருங்க, கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு எலியே ஓடலாம். அழுத்தினா விரல் கிழிஞ்சுடும்."

"அப்ப இது?"

"கம்பி கட்டியிருக்குற குதிரைக்குப் பின்னால பலகை வயிறு மாதிரி உப்பிக் கிடக்கு. கம்பியைத் தாங்குற எலும்பையும் தேய்ச்சு தேய்ச்சு ஒண்ணுமில்லாம பண்ணிட்டான். இனிமே இறக்க இடமே இல்ல. 'கம்பி மட்டும் மாத்தணும்'னு எழுதியிருக்கான் பாருங்க, அயோக்கியன்!"

சந்தையில் ஒவ்வொரு கழுதையின் பல்லையும் பிடித்துப் பார்த்து நொட்டை சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் தோற்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்டோபரும் பாதி போய்விட்டது.

கடைசியில் ஒருத்தி அகப்பட்டாள். பெயர் ரோசாவ்ரா, கீழே, மழை கொட்டும் சமவெளியில், மொந்தேரோவில் இருப்பவள். அண்ணனுடைய கிடாரை விற்கிறாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இவர் கேட்டார் என்பதற்காக ஒவ்வொரு கம்பியையும் கழுத்தில் பதித்த உலோக மெட்டு ஒவ்வொன்றிலும் அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே தட்டிக் காட்டி வீடியோ அனுப்பியிருந்தாள். ஓரிடத்திலும் இரைச்சல் இல்லை. பின்னால் மழை கொட்டும் சத்தம் கேட்டது. அந்த வீடியோவை அவர் எனக்கே பலமுறை போட்டுக் காட்டினார். நிஜமாகவே எந்தக் குறையும் இல்லை. வாங்கிவிட்டார்.

பஸ்ஸில் வந்த கிடார் முதல் நாள் தேனாகப் பாடியது. பண்டிகைக்கு முந்தின நாள் ரொட்டிக் கூடையோடு நான் போனபோது, மனிதர் முகம் செத்துக் கிடந்தது. கம்பியைத் தட்டினார். ஜிர்ரென்றது.

"காஞ்சு பலகை உள்ளே அமுங்கிடுச்சு. கம்பியெல்லாம் மெட்டுமேல படுத்துடுச்சு" என்றார்.

எங்கள் மலைக்காற்று என்ன செய்யும் என்று தெரியாதவரா அவர்? கீழ்நாட்டிலிருந்து வந்த என் மருமகளுக்கு உதடு வெடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்தானே! வீடியோவில் மழை பெய்ததைக் கேட்டவருக்கு, அந்த ஈரத்தில் இருந்த மரம் இங்கே வந்தால் காயும் என்று தோன்றாமல் போய்விட்டது.

"ஓட்டை போட்ட டப்பாவுல ஈரப் பஞ்சு வச்சு உள்ள போட்டிருக்கேன். மெதுவாத்தான் தேறும். அடுத்த வருஷம் வழியனுப்பிக்கலாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வருஷமா? அவளை நடுவழியில நிக்க வைப்பீங்களா? குறை கிடார்ல இல்ல கொம்பாத்ரே. உங்களுக்கு அவளை அனுப்ப மனசில்ல."

"இல்லதான்" என்றார். "அவ வர்ற ஒரே நாளு கொமாத்ரே. அதையும் நானே முடிச்சு வைக்கணுமா?"

ரொட்டிகளை மேசையில் அடுக்கினேன். நிகோலாசாவுக்காகப் பின்னல் ஜடையோடு சுட்ட ரொட்டிப் பொம்மையை நடுவில் வைத்தேன். பிறகு அவர் எழுந்து, கிடார் வந்த பெட்டியிலிருந்து ஒரு அட்டைக் கீற்றை வெட்டினார். கம்பிகளைத் தளர்த்தி எலும்பை உருவி, அடியில் கீற்றைச் செருகித் திரும்பப் பொருத்தினார். தட்டிப் பார்த்தார். இரைச்சல் போய்விட்டது. அந்த வித்தை அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

அவளை அனுப்பும் நாளில், நடுப்பகலில் வாசித்தார். அது இரண்டு குரல் பாட்டு. தன் கீழ்க்குரலை மட்டும் பாடினார். அவள் பாட வேண்டிய இடங்களில் கிடார் மட்டும் தனியாகப் போயிற்று. எனக்கு அந்த வரிகள் தெரியும், ஆனாலும் சேர்ந்து பாடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மேசையைக் கலைத்தோம், ரொட்டியை ஜெபிக்க வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அழுதது நான்தான்.

அடுத்த வாரம் எட்டிப் பார்த்தேன். கிடார் நன்றாகத் துடைத்துச் சுவரில், அடுப்புக்குத் தூரமாகத் தொங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனுக்குள் புதைந்திருந்தார்.

"இப்ப என்ன பாக்குறீங்க?"

"தாரிஹாவுல ஒருத்தர் கிடார் விக்கிறார். பக்கத்துலேர்ந்து ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"அதான் வாங்கியாச்சே! இன்னொண்ணு எதுக்கு?"

"வாங்க இல்ல கொமாத்ரே" என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டா, பதில் போடுறாங்க."