மச்சானின் கம்பெனி என் கம்பெனியை வாங்கியது

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் நான்தான். பெரியது என்றால் விலையில், சத்தத்தில், அதைப் பற்றி நான் அளக்கும் அளப்பில். ஐரோப்பாவில் செய்தது. ஈப்போவில் காப்பி குடித்துவிட்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுவோம். வளைவுகளில் அது உறுமுவதைக் கேட்டு ஹெல்மெட்டுக்குள் நானே தலையாட்டிக்கொள்வேன். என் தொப்பை டேங்கின்மேல் சொகுசாக உட்கார்ந்து வரும். மேட்டில் என்ஜின் திணறினால் நான் பெட்ரோலைக் குறை சொல்வேன், தொப்பையை ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

குழுவில் என் மச்சானும் உண்டு. மனைவியின் தம்பி, சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுகிறான். அவன் மோட்டார் இந்தியாவில் செய்தது. அதற்கு நான் வைத்த பெயர் மாட்டு வண்டி. ஒவ்வொரு ஞாயிறும் அவனைப் பார்த்ததும் கேட்பேன்:

"என்ன மச்சான், வண்டிக்குப் புல்லு போட்டியா?"

"போட்டேன் மாமா. சாணிய உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

இப்படி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த எங்கள் நட்புறவில், ஒரு ஞாயிறு, மலையிலிருந்து இறங்கும் வழியில் என் மோட்டார் இருமியது. அப்புறம் நின்றது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் கிர்ரென்றது, பிடிக்கவில்லை. ஐரோப்பாவை நினைத்து மறுபடி அழுத்தினேன். ஐரோப்பா அசையவில்லை.

எங்கள் ஊரில் மோட்டார் நின்றுவிட்டால் கயிறு தேட மாட்டோம். பின்னால் வருபவன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு காலை நீட்டி, நின்றுபோன வண்டியின் பின் கால்மிதியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தாக்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அன்று கால் நீட்டியவன் என் மச்சான். மாட்டு வண்டி தள்ள, ஐரோப்பா ஈப்போ வரைக்கும் வந்தது. பின்னால் வந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். நான் வீடு சேருவதற்குள் குழுவின் வாட்ஸ்ஆப்பில் அது வந்து சேர்ந்துவிட்டது. என் மனைவி அதைத் தன் அக்காமார்களுக்கும் அனுப்பிவைத்தாள்.

பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். அவருடைய அப்பா எஸ்டேட் முகப்பில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தவுக்கேயின் தமிழ் என் தமிழைவிடக் காரமாக இருக்கும். டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு சாமானை என் கையில் வைத்தார்.

"டேங்குலேருந்து பெட்ரோல் எண்ணெய் தள்ளுற பம்பு. செத்துப்போச்சு. புதுசு போடணும்லா தம்பி."

"போடுங்க தவுக்கே."

"எங்க இருக்கு போட? கோலாலம்பூர் ஏஜென்டுகிட்ட கேட்டேன். ஒன்னு கூட இல்லயாம். அங்க வெள்ளைக்காரன் ஃபேக்டரியே மூடிக் கெடக்கு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். தொழிற்சாலை கடனில் முழுகி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று படித்திருந்தேன். படித்துவிட்டு, இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குச் சகஜம் என்று குழுவில் விளக்கம் வேறு கொடுத்திருந்தேன்.

வேறு வண்டியின் பம்பு பொருந்துமா என்று தவுக்கே பார்த்தார். பொருந்தவில்லை. மாதங்கள் போயின. என் மோட்டார் பட்டறையின் பின்சுவரோரம் நின்றது. ஒருநாள் போய்ப் பார்த்தால் ஹேண்டிலின் இரு பக்கமும் துண்டுகள் தொங்கின.

"என் பொண்டாட்டிக்கு ரொம்ப உபயோகமா இருக்குலா. துண்டு நல்லா காயுது," என்றார் தவுக்கே.

நான் வேலைக்குப் பழைய கப்சாயில் போக ஆரம்பித்தேன். வெற்றிலைக் கடைக்குப் போய்வர வைத்திருந்த சின்ன மோட்டார் அது. அதில் நான் உட்கார்ந்தால் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு மோட்டார் தெரியாதாம். மச்சான்தான் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் காம்பாரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அதே மாடல் அவரிடமும் இருந்தது. அதற்கும் பல சாமான்கள் தேவைப்பட்டன, எங்கும் கிடைக்கவில்லை. என்னுடையதை விலைக்குக் கொடுத்தால் அதைப் பிரித்துத் தன்னுடையதை ஓட வைத்துவிடலாம் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனின் வீட்டுக்கு வந்து அவன் சட்டை அளவு கேட்டது மாதிரி இருந்தது.

மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"எத்தன நாளைக்குத் துண்டு காயப்போடுறது? அவருக்காச்சும் ஓடட்டும். தீபாவளி வரைக்கும் பாருங்க. பம்பு வரலன்னா கொடுத்திருங்க."

சரி என்றேன். அவள் சொன்னதில் தப்பு எதுவும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் தேடினேன்.

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். வேலையிடத்துக் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்ஆப் இடைவிடாமல் அதிர்ந்தது. எங்கள் ஐரோப்பியக் கம்பெனியை இன்னொரு கம்பெனி மொத்தமாக வாங்கிவிட்டது. வாங்கியது யார் என்று பார்த்தேன். சோற்றை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டேன். மாட்டு வண்டிக் கம்பெனி.

குழு கொதித்தது. "இனிமே பொகையில சாம்பார் வாசன அடிக்கும்," என்றான் ஒருவன். "ஹாரன் அடிச்சா நாதஸ்வரம் கேக்கும்லா," என்றான் இன்னொருவன். ஐரோப்பிய மோட்டார் வைத்திருந்த சிலர் உண்மையிலேயே துக்கம் விசாரிக்கும் குரலில் ஆடியோ அனுப்பினார்கள். மோட்டாரின் ஆத்மாவே போய்விட்டதாம். என்னுடையது ஆத்மா போய் மாதக்கணக்காகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் எதுவுமே அனுப்பவில்லை. அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மச்சான் முழுக்கைச் சட்டை போட்டு உள்ளே விட்டிருந்தான். கையில் லட்டுப் பெட்டி.

"அக்கா, மாமா இருக்காரா? ஆபீஸ் விஷயமாப் பேசணும்."

நான் வந்தேன். பெட்டியை நீட்டினான்.

"எடுத்துக்கங்க மாமா. உங்க கம்பெனிய வாங்கிட்டோம். பயப்படாதீங்க, ஆளுங்கள யாரையும் நிப்பாட்ட மாட்டோம். உங்களயும் வெச்சிக்குவோம்."

"டேய்..."

"டேய்யா? முதலாளிகிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. நான் லட்டை எடுத்துத் தின்றேன். நல்ல லட்டு என்பது வேறு எரிச்சலாக இருந்தது.

ஆனால் எனக்குள் பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். கைமாறுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்தபோது, ஒரு காலையில் எஸ்டேட் முகப்புப் பலகையில் வேறு பெயர் இருந்தது. புது முதலாளி ஒன்றும் செய்யமாட்டார் என்றார்கள். ரப்பரை வெட்டினார்கள், செம்பனை நட்டார்கள், அப்புறம் அதையும் வெட்டி வீடு கட்டி விற்றார்கள். முனியாண்டி கோயில் மட்டும்தான் இருந்த இடத்தில் இருக்கிறது. அதனால் ஒருவன் இன்னொருவனை வாங்கினான் என்று கேட்டால், எங்களுக்கு முதலில் மரம் விழும் சத்தம்தான் கேட்கும். வாங்கியவன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய வண்டிகளைக் கைகழுவிவிட்டால்?

இதை அடுத்த ஞாயிறு குழுவில் சுற்றி வளைத்துக் கேட்டேன். நான் கப்சாயில்தான் போயிருந்தேன். எங்களில் ஆடிட்டர் அண்ணன் ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் குடும்பம், ஈப்போவில் அலுவலகம், மோட்டார் ஜாக்கெட்டைக்கூட அயர்ன் பண்ணிப் போடுபவர். காப்பியை ஊதியபடி சொன்னார்:

"எஸ்டேட்ட வாங்குனவனுக்கு வேண்டியது நிலம். மரத்த வெட்டுனாத்தான் அவனுக்கு லாபம். இவன் வாங்குனது பேரு. அந்தப் பேர்ல ஓடுற மோட்டாரெல்லாம் ரோட்டுல நின்னா அந்தப் பேர வெச்சி என்ன பண்றது? சாமான் அனுப்பித்தான் ஆகணும்."

"நிச்சயமா அண்ணே?"

"நிச்சயம்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆடிட்டர்லா நான்."

மச்சான் என் தோளில் கைபோட்டான். "கவலப்படாதீங்க மாமா. நான் மேல பேசுறேன்."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முனியாண்டி கோயிலில் அன்று குழுவின் மோட்டார்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். எஸ்டேட் காலத்தில் ரப்பர் பால்வெட்டுக் கத்தியும் வாளியும் பூஜைக்கு வைத்த இடம். எல்லோரும் மோட்டாரோடு வர, நான் சும்மா வருவதா என்று தோன்றியது. மோட்டார் வர முடியாவிட்டால் என்ன, சாவி வரலாமே! சாவியைத் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் வைத்துக் கொண்டுபோனேன். பூசாரி அண்ணன் மற்ற நாட்களில் பள்ளி பஸ் ஓட்டுபவர், விஷயம் புரிந்தவர். சாவிக்குச் சந்தனம் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் நல்லா வைங்கண்ணே," என்றேன். "ரொம்ப முடியாத வண்டி."

அவரும் இரக்கப்பட்டு அப்பினார். அதன்மேல் குங்குமம், அதன்மேல் விபூதி. அப்படியே கொண்டுவந்து சாமி அறையில் வைத்தேன். காம்பார்க்காரர் அன்று மாலை கூப்பிட்டார். தீபாவளி முடியட்டும் என்றேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தவுக்கே கூப்பிட்டார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அரை நாள் லீவு போட்டேன். சாமி அறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன். மச்சான் தன் மோட்டாரில் என்னை ஏற்றிக்கொண்டான். ஆமாம், மாட்டு வண்டியில்தான், பின்சீட்டில்.

பட்டறை மேசையில் ஒரு சின்னப் பெட்டி. அதன்மேல் புதுக் கம்பெனியின் முத்திரை. தவுக்கே பம்பை ஏற்கெனவே மாட்டி முடித்து, துண்டுகளையும் எடுத்துவிட்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். சாவியை நுழைத்தேன். திருப்பினேன். திரும்பவில்லை.

மறுபடி. திரும்பவில்லை. இழுத்து, நுழைத்து, முறுக்கினேன். இல்லை.

 என் வாய் தானாகப் பேசியது. "நான் அப்பவே நெனச்சேன்! இவனுங்க கை வெச்சாலே இப்படித்தான்! ஒரு சாமான ஒழுங்கா..."

"தம்பி," என்றார் தவுக்கே. "பம்பு டேங்குல இருக்கு. சாவி போடுறது இங்க. இந்தியாக்காரன் உன் பூட்ட எப்போ தொட்டான்?"

மச்சான் என் கையிலிருந்து சாவியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சாவியின் பள்ளங்கள் முழுக்கச் சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.

"மாமா," என்றான், சிரிப்பை அடக்க முடியாமல். "சாமிகிட்டயே சாவிய அடமானம் வெச்சிட்டு வந்தீங்களா?"

தவுக்கே பழைய பல்தேய்க்கும் பிரஷை எடுத்தார். மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தார். முனியாண்டி சிவப்பாகக் கரைந்து டப்பாவில் இறங்கினார். பூட்டுக்குள்ளும் ஏதோ பீய்ச்சி ஊதினார். நான் கைகட்டி நின்றேன். 

"இப்ப போடு."

திரும்பியது. மீட்டரில் விளக்கு வந்தது. டேங்குக்குள்ளிருந்து ஒரு மெல்லிய முனகல், புதுப் பம்பு எண்ணெய் இழுக்கும் சத்தம். அதைக் கேட்காமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். அழுத்தினேன். பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரம் அதிர்ந்தது, தவுக்கேயின் மனைவி எட்டிப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டார்.  என்னை அறியாமல் மச்சானைப் பார்த்துக் கும்பிட்டேன். அவனும் முதலாளி மாதிரியே ஒரு கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டான்.

காம்பார்க்காரரை அங்கிருந்தே கூப்பிட்டேன். விற்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, கோவிச்சிக்காதீங்க, உங்க மோட்டார் எனக்கு வேணாம். நான் கேட்ட சாமானெல்லாம் வருதுன்னு ஏஜென்டு சொல்லிட்டான். மனசுக்கே நிம்மதிண்ணே. உங்களுத வெட்டுறதுக்கு எனக்கும் கை வந்திருக்காது."

"ஒருநாள் வாங்க, மலைக்குப் போலாம்," என்றேன்.

"வாரேன்லா!"

வீட்டுக்கு வந்து வாசலில் நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். ஒரு சந்தேகம் வந்தது. மறுபடி போட்டேன். உடனே பிடித்தது. அணைத்தேன். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி போட்டேன்.

"போதும்லா," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "அதுக்கு உயிர் இருக்கு. சாப்பிட வாங்க."

"வாரேன்," என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.