எஸ்தர் டீச்சர் போடாத கையெழுத்து

சென்ற வியாழக்கிழமை காலை சாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் என்னைக் கண்டதும், "உங்க தலைவரம்மா ஆஸ்பத்திரியில தவறிட்டாகளாம்ணே" என்றார். பஞ்சாயத்துத் தலைவர் பதவி பறிபோய் நாலு வருடமாகியும் அவருக்கு எஸ்தர் டீச்சர்தான் தலைவர். பறித்தவர்களில் நானும் ஒருவன். எனவே அலங்காரமாக அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், "நல்லவுகதான், ஆனா கொஞ்சம் பிடிவாதம்" என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் என்பது பொய். முழுப் பிடிவாதம். அவரை அறிந்த நீங்கள் அதைக் குறையாகச் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியை. மதிய உணவு வந்த புதிதில், எங்கள் தெற்குத் தெருப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைக்கச் சொல்லி ஊரின் பெரிய வீட்டுக்காரர்கள் வந்தார்கள். டீச்சர் எல்லோரையும் பெயரின் முதல் எழுத்துப்படி வரிசையாக உட்கார வைத்தார். "அ, ஆ-வுக்குச் சாதி கிடையாதுங்க" என்றார். இரண்டு வீட்டார் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் பத்து நாளில் தாமாகவே வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பள்ளிக்கு ஒரு கிணறு கேட்டு எத்தனையோ மனு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தலைவர் தேர்தலில் நின்றார். "மனு கொடுத்து அலுத்துப் போச்சு. மனு வாங்குற நாற்காலியில நானே உக்காந்து பாக்கேன்" என்றார். ஜெயித்தார். அடுத்த கோடைக்குள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது.

பிறகுதான் பட்டாசுக் கம்பெனிக்காரர் வந்தார். பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் வெடிமருந்துக் கிடங்கு கட்ட வேண்டுமாம். பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று தலைவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். டீச்சர் மறுத்தார். கையெழுத்து இல்லையென்றால் இந்த ஊர் ஆட்களுக்கு வேலை இல்லை என்று கம்பெனி சொல்லியனுப்பியது. சீசன் நேரம். என் தம்பி அங்கேதான் வேலை பார்த்தான். நான் உட்பட பஞ்சாயத்து உறுப்பினர்கள் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தோம்.

ஓட்டெடுப்பில் நான் கையைத் தோள் அளவுக்கே தூக்கினேன். டீச்சர் என்னைப் பார்த்தார். "நல்லா ஒசத்துங்க, சுப்பையா. ஓட்டை எழுதுறவருக்குத் தெரியணும்ல." அவர் குரலில் கோபம் இல்லை.

தலைவர் பொறுப்பேற்ற துணைத் தலைவர் அன்றே கையெழுத்துப் போட்டார். டீச்சர் மேலதிகாரிகளுக்குத் தெற்குத் தெருவின் கைநாட்டுகளோடு எழுதினார். இடம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வரைபடத்தை விரித்து, பள்ளி வெகு தூரத்தில் இருப்பதாகக் காட்டியிருக்கிறதே என்றார்.

"தாள்ல நடக்காதீக சார். தரையில நடங்க" என்றார் டீச்சர்.

அதிகாரி நடந்தார். அறுபது தப்படியில் பள்ளிச் சுவர் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. கம்பெனி ஊருக்கு வெளியே, கரிசல் காட்டில் கிடங்கைக் கட்டியது. ஆள் ஏற்றும் லாரியும் வழக்கம்போல் வந்தது. நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வருடம், பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், அந்தக் கிடங்கு வெடித்தது. அவ்வளவு தூரத்திலும் பள்ளிக்கூரையில் ஓடுகள் சரிந்தன. பிள்ளைகள் யாருக்கும் காயமில்லை. கிடங்கில் வேலை செய்த தெற்குத் தெரு மாடசாமி இறந்துபோனான். நான் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். "நீங்க சொன்னதுதான் சரி..." என்று தொடங்கினேன்.

"நான் ஜெயிச்சேன்னு யாரும் சொல்லாதீக. செத்தவன் நம்ம ஆளு. வாங்க, அவன் பொண்டாட்டிகிட்டப் போவோம்."

மறுநாள் அவர் லாரிக்கு முன்னால் போய் நின்றார். கம்பெனியில் ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு அறைக்கும், தப்பி ஓட இரண்டாவது வாசல் வைக்கும்வரை யாரும் ஏற வேண்டாம் என்றார். மூன்று நாள் லாரி காலியாகத் திரும்பியது. இந்த முறை நான் அவர் பக்கத்தில் நின்றேன். நாலாம் நாள் வாசல் வைக்கக் கொத்தனார்கள் வந்து சுவரை உடைத்தார்கள்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பயந்துகொண்டேகூட மறுக்கலாம் என்பதை அவர் பக்கத்தில் நின்றபோது கற்றேன். எனக்கென்று அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்குப் பின்னால் உள்ள நிலத்துக்கு இப்போது வேறொரு கம்பெனி விண்ணப்பம் போட்டிருக்கிறது. உறுப்பினர்களின் சம்மதம் கேட்கிறார்கள்; நான் இன்னும் உறுப்பினர்தான். நேற்று என் தம்பி வந்து, "ஒரு வார்த்தை சரின்னு சொல்லுண்ணே" என்றான்.

முடியாது என்றேன்.