ஆடாமல் நிற்கும் அப்பா

அக்காவுக்கு விசா வந்துவிட்டது. அமெரிக்கா கிளம்ப இருபது நாள். தன் கல்யாண கேசட்டைக் கொண்டுபோனாலும் அந்த ஊர் டெக்கில் அது ஓடாதாம். சிடியாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் மைசூரிலேயே இல்லை என்று அலட்டிக்கொண்டு திரிந்த காலம்.

மூன்று மணி நேர கேசட்டில் அக்காவுக்கு வேண்டியது பன்னிரண்டு நொடிதான். மண்டப வாசலில் கோட்டு போட்ட அப்பா, பன்னீர்ச் செம்போடு நிற்பார். வீடியோக்காரர் கிட்டே வந்ததும் லென்ஸ் மேலேயே தெளித்துவிட்டுச் சிரிப்பார். கல்யாணம் முடிந்த சில மாதத்தில் போய்விட்டார். அசைகிற அப்பா எங்களிடம் அவ்வளவுதான்.

சரஸ்வதிபுரத்தில் கிளாஸ்மேட் ஒருவனிடம், வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கார்டு இருந்தது. கன்னடக்காரன், எங்கள் வீட்டில் சாப்பிட்டே தமிழ் பழகியவன். கேசட்டைப் போட்டோம். தாலி, ஊஞ்சல், பந்தி எல்லாம் ஜம்மென்று வந்தன. அப்பா வந்ததும் படத்தின் மேல்பக்கம் கொடி மாதிரி வளைந்து ஆடியது. தலை ஒரு பக்கம், கோட்டு ஒரு பக்கம்.

டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். ட்ராக்கிங்கைத் திருகினோம். கேசட்டைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினோம். ம்ஹூம்.

“குரு, இந்த எடத்துல மட்டும் டேப் தேஞ்சிருக்கு. யாரோ தினா தினா பாஸ் போட்டுப் பாத்திருக்காங்க. நிறுத்துனா ஹெட்டு அங்கயே ஒரசும்ல?” என்றான்.

“எவன்டா அந்த அறிவாளி?”

அதே சூட்டோடு வீட்டுக்குப் போய்க் கத்தினேன். “யாரும்மா அப்பா வர்ற எடத்துல பாஸ் போட்டது? டேப்பே போச்சு!”

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“நான்தான்டா. நீ ஒம்போது மணி வரைக்கும் தூங்குவ. ஆபீசுக்குத் தலை வாரும்போது அவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுப்பேன். அஞ்சு நிமிஷத்துல அதுவா ஓடிடும். திரும்ப நிறுத்துவேன். கெட்டுப்போகும்னு தெரியாதேடா.”

அம்மா போய்க்கொண்டிருந்தது அப்பா போனதால் கிடைத்த ரயில்வே வேலைக்கு. மறுபடி நண்பனிடம் ஓடினேன்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் ஒரு பெட்டி இருந்தது. கோணலாக வரும் படத்தை வரி வரியாக நேராக்கி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை காலை கெஞ்சிக் கூத்தாடி உட்கார்ந்தோம். நான்கு தடவை ஓட்டியும் மேலே லேசாக ஆடியது.

“மேல கொஞ்சம் கட் பண்ணிடலாமாப்பா? கோணல் தெரியாது,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“அங்கதான் சார் எங்கப்பா தலை இருக்கு.”

சிரித்துவிட்டு ஐந்தாம் முறை ஓட்டினார். அப்பா நேராக நின்றார். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மிச்சம். நண்பன் மறுபடி ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான்.

“விடு மச்சி. அது பன்னீரு.”

இரண்டு சிடி போட்டோம். ஒன்று அக்காவின் பெட்டிக்குள் போனது. அக்கா வாங்கிக்கொடுத்த பிளேயரில் இன்னொன்றைப் போட்டு ரிமோட்டை அம்மாவிடம் நீட்டினேன். அப்பா சிரிக்கும் இடத்தில் அம்மா பாஸை அழுத்தினாள். உடனே தப்புப் பண்ணிவிட்டவள் போல என்னைப் பார்த்தாள்.

“இது தேயுமாடா?”

“தேயாதும்மா. எவ்ளோ நேரம் வேணாலும் நிறுத்தி வெச்சுக்கோ.”

அம்மா சீப்பை எடுத்துவர உள்ளே போனாள்.