அல்லி வட்டமும் ஒரு கிண்ணம் சட்னியும்

நேற்று மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பிளாஸ்டிக் செம்பருத்தியைக் கையில் எடுத்தேன். பழக்கதோஷம், இதழ்களைப் பிரிக்கப் போனேன். ஐந்தும் ஒரே வில்லையாகக் கழன்று வந்துவிட்டன. “இன்னா சார், வாங்காமலே பிச்சிக்கினு கீற?” என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியாருக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், கோபாலபுரத்துப் பள்ளி ஆய்வகத்தில் இதே செம்பருத்தியை பிளேடால் கீறி மேதாவி போலப் பேசுவேன். வெளியே பச்சைச் சுற்று, புல்லி வட்டம். உள்ளே வண்ண இதழ்களின் சுற்று, அல்லி வட்டம். ஆங்கிலத்தில் கரோலா. லத்தீனில் அதற்குச் சின்னக் கிரீடம், சின்ன மாலை என்று பொருள். “ரோமாபுரிக்காரன் தலையிலேர்ந்து எறங்கி பூவுல உக்காந்துடுச்சு” என்பேன். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நொச்சிக்குப்பத்து மீன்காரம்மாவின் மகள் மெர்சி மட்டும் கேட்டாள்: “மே மாசம் மாதாவுக்கு நான் பூவுல கிரீடம் கட்டுவேனே, அது மாதிரியா சார்?”

“அதேதான்!” என்றேன். எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைகூட.

செய்முறைத் தேர்வுக்கு வெளிப் பள்ளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலுக்கு அந்த நாளில் மாப்பிள்ளை உபசாரம். போண்டாத் தட்டும் சட்னிக் கரண்டியுமாகப் பக்கத்தில் நின்றது நான்தான். மென்றுகொண்டே மெர்சியைக் கேட்டார்: “கரோலான்னா என்ன?”

“உள்சுத்து இதழெல்லாம் சேர்ந்தது சார். சின்னக் கிரீடம்னு அர்த்தம். மாதாவுக்குப் பூவுல கட்டி வெப்போமே, அப்படி.”

“இது லேபா, சர்ச்சா? பாட்டனி கேட்டா ஜெபம் சொல்றியே!” மதிப்பெண்ணில் பாதியை வெட்டினார். அந்த மார்க்கை நம்பித்தான் அவளுடைய நர்சிங் சீட் இருந்தது.

எங்கள் பள்ளி சார்பில் மார்க் போடும் இன்டர்னல் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன்: “சார், இன்னும் கொஞ்சம் சட்னி?”

வாசலில் மெர்சி கேட்டாள்: “நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?”

சீட் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆள் மீது பாதிக் கோபம். மீதி, கரண்டியை விடாத இந்தக் கை மீது. தேச விடுதலைக்கா பிடித்திருந்தேன்? சட்னிக்கு!

அந்த ஆய்வகம் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கார் நிறுத்தம். போன மே மாதம் மெர்சியின் கோயிலுக்குப் போனேன். மாதா தலையில் முலாம் பூசிய தகரக் கிரீடம்.

“பூக்கிரீடம் என்ன ஆச்சு?” என்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த கோயில் பணியாளரை, கோயில்பிள்ளையை, கேட்டேன்.

“அது மெர்சி கட்டுறது சார். இன்னாவோ பரீட்சையாம், அந்த வருஷத்தோட பூவத் தொடறதயே வுட்டுடுச்சி.”