ஆதிமூலத்தின் மூன்றாவது முடிச்சு

மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொள்வார். ஜன்னலின் அடிக்கட்டையில் வலது முழங்கையை ஊன்றி, நடுவிரல் தொட்ட இடத்தில் இடது கட்டைவிரலை வைத்து மறிப்பார். "லாபம்." முழங்கை மேலேறும். "ரெண்டு. மூணு." நெல் அளக்கிறவர் வாயில் முதல் மரக்கால் ஒன்று ஆவதில்லை, லாபம்தான். பாகூர் ஆதிமூலத்துக்கு ஜன்னலும் நெல்லும் ஒரே கணக்கு.

முதல் பிரசவத்துக்கு மகள் வள்ளியம்மாளை அழைத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தவர் அவர். மகள் வரமாட்டேன் என்றாள். "நம்ம வூட்டு உள்ளுல மூச்சு முட்டும்பா. இங்க பாரு, காத்து எப்பிடி வருது."

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. "ஒரு வாரம் ஊரப் பாத்துட்டுப் போறேன்" என்று வெறும் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

ஊர் சுற்ற மருமகன் தங்கவேல் அவர்கூடப் போனான். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். மாமனாருக்கு நாலடி பின்னால் நடப்பதே அவனுக்குச் சௌகரியம். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு. மேற்கே மரத்தூண் வைத்த தமிழ் வீடுகள். கடலோரம் மஞ்சள் பூசிய வெள்ளைக்காரர் வீடுகள், வளைவு வாசல்கள், ஆள் உயரத்துக்கும் மேலே ஜன்னல்கள். அங்கே ஒரு வழவழத்த தூணில் மாமனார் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"முட்ட வெள்ளைய ஊத்தி சுண்ணாம்ப அரைச்சிருக்கான் மாப்ள. நாம திங்க வேண்டியத செவுரு தின்னிருக்குது."

பெரிய பங்களா ஒன்றின் ஜன்னலில் முழம் போட்டபோது காவல்காரன் வீரப்பன் வந்துவிட்டான். "இன்னா பெரியவரே, லாபம் லாபம்ங்கிற? தொர வூட்டுக்கு வெல பேசறியா?"

"வூட்ட நீயே வெச்சிக்கப்பா. ஜன்னல மட்டும் பாத்துக்கறேன். பொண்ணு காத்து கேக்குது."

வீரப்பன் சிரித்தான். முக்காலியைக் கொண்டுவந்து ஏறி, பெரியவர் மடியிலிருந்து எடுத்த கயிற்றின் மேல்முனையை அவனே பிடித்துக்கொண்டான். உயரத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு.

"வள்ளிகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள. வேல முடியலன்னா சிரிப்பா."

ஊருக்குக் கிளம்பும்போது கயிற்றில் மூன்று முடிச்சுகள் இருந்தன. "மூணாவது இன்னா மாமா?" என்று தங்கவேல் வாய்விட்டே கேட்டான்.

"அது தெருவுல அளந்தது இல்ல" என்று கயிற்றை மடியில் செருகிக்கொண்டார்.

இருபதாம் நாள் வண்டி மறுபடி வந்தது. புடிக்கலன்னா இதே வண்டியில திரும்பிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். வள்ளியம்மாள் ஏறிப் போனாள்; வண்டி அவளைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

குழந்தை பிறந்த பிறகு தங்கவேல் பாகூருக்குப் போனான். இருட்டாயிருந்த உள்ளறையில் புது ஜன்னல். புதுச்சேரி ஜன்னலேதான், ஆனால் என்னவோ தரையை ஒட்டி இறங்கியிருந்தது. அதனடியில் பாயில் உட்கார்ந்து, மடியில் பிள்ளையுடன், அடிக்கட்டையில் முழங்கையை வைத்து வள்ளியம்மாள் கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மட்டம் தப்பிடுச்சா?" என்று தச்சன் பக்கிரியை வெளியே மெதுவாகக் கேட்டான்.

"நானா தப்புவேன்? மூணாவது முடிச்சுக்கு மேல ஒரு வெரல் ஏறக்கூடாதுன்னுட்டாரு. ஒங்க வூட்டுல வள்ளி பொண்ணு கீழ குந்திகினு முருங்கக்கா அரியறப்ப, பின்னால நின்னு, தரையிலேர்ந்து அதும் முழங்கை வரைக்கும் அளந்துகினு வந்தாராம்."