அப்பாவின் தலைமாட்டில் நட்ட செடி

தண்ணீரே வேண்டாம் என்று சொல்லித்தான் தம்பி அந்தச் செடியைக் கொடுத்தான். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். என்ன செடி என்று கேட்டால், "பேரெல்லாம் தெரியாதுக்கா, சாகாது" என்றான். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது. அப்பாவின் கல்லறை சிமெண்ட் பூசாத மண். நான் குடியிருக்கும் சூரமங்கலத்திலிருந்து வாராவாரம் அங்கே போய்த் தண்ணீர் ஊற்ற யாரால் முடியும்? அவர் இருந்தபோதே "வரேன்ப்பா, வரேன்ப்பா" என்று போனில் சொல்லியே காலம் தள்ளியவள் நான். தலைமாட்டில் குழி பறித்து நட்டுவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன்.

மறு வருடம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சுத்தம் செய்யப் போனபோது செடி இடுப்பளவு நின்றது. தடித்த இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். அடியில் பொடிப் பொடியாக ஏதோ முளைத்திருந்தது. புத்தி கெட்டவள், சந்தோஷப்பட்டேன். விளக்குமாற்றை எடுத்து அப்பாவின் கல்லறையைக் கூட்டி, கையோடு பக்கத்துக் கல்லறையையும் புண்ணியத்துக்குக் கூட்டிவிட்டேன்.

பக்கத்தில் இருப்பது ஒரு அம்மாவின் மகன். திருநாளன்று அந்த அம்மா மகனின் மண்ணைச் சாணி மெழுகிய தரைபோல் தட்டி, செவ்வந்தி இதழால் சிலுவை போட்டு, நான்கு முனையிலும் மெழுகுவத்தி ஏற்றுவார். வருடத்தில் அவர் மகனுக்குச் செய்யும் ஒரே காரியம் அது.

போன வருடம் திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் வந்தது. "ஏனுங்க, உங்க அப்பா செடி எம்பையன் மேல ஏறி உக்காந்துருக்குதுங்க. பூவை நான் எங்க வெக்கறது?"

ஓடிப்போய்ப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை. அப்பாவின் தலைமாட்டுச் செடியை மட்டும் விட்டு மற்ற அத்தனையும் பிடுங்கினேன், கூட்டினேன், சுவரோரம் குவித்தேன். அடுத்த வாரம் முன்னைவிட அதிகம். சுவரோரக் குவியலும் வேர் விட்டு எழுந்து நின்றது! செடியைப் படம் பிடித்துப் போனிடமே பெயர் கேட்டால், அது மூன்று தடவைக்கு மூன்று பெயர் சொன்னது. கோயில் பாடகர் குழுவில் ஒருவர் கற்றாழை என்று அடித்துப் பேசினார். இன்னொருவர் சர்க்கரைக்கு நல்லது என்று இலையைப் பறிக்கக் கை நீட்ட, தட்டிவிட்டேன். எரிச்சலில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

நர்சரிக்காரர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ரணகள்ளிக்குப் பங்காளிங்க இது. ஆடு மாடு தின்னா ஆகாது, பாத்துக்கங்க. இதுக்கு வெதையே வேண்டாம். இந்த ஓரத்தைப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பல் என்று நான் நினைத்ததெல்லாம் குட்டிச் செடிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை, கீழே நூல்போல் வேர். தொட்டதும் பொலபொலவென்று மேசையில் கொட்டின. கல்லறையைச் சுத்தம் செய்யச் செய்ய அதிகமாகிறது என்று சொன்னேன்.

"எதுல சுத்தம் பண்ணுனீங்க?"

"விளக்குமாத்துல."

"அப்ப நீங்கதான் வெதைச்சிருக்கீங்க."

தம்பிக்குப் போன் போட்டுத் திட்டினேன். "சாகாதுன்னு சொன்னேன்ல" என்றான்.

விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாய்ச்செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டினேன். அப்புறம் சனிக்கிழமை தோறும் இரண்டு கல்லறைக்கும் நடுவே உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். முட்டி வலியில் உயிர் போயிற்று. தம்பியைத் திட்டினேன், பிறகு அப்பாவிடமே புலம்பினேன். பதில் சொல்லாமல் கேட்பது அவருக்குப் பழக்கம்தான்.

திருநாளன்று செவ்வந்திச் சிலுவை மண்ணில் முழுசாக விழுந்தது. அந்த அம்மா குனிந்து, இதழ்களுக்கு நடுவே இருந்த கடுகளவு குட்டி ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் வரும் சாமி. நீங்க சனிக்கெழம வந்துருங்க."

வந்துகொண்டுதான் இருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்தபோது இத்தனை சனிக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போனதில்லை.