சந்தையில் தண்ணீர் குடித்தேன்

போன வருடம் சித்திரை வெயிலில், தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாரச் சந்தை ஒன்றில் நடந்தது இது. அங்கே நான் கீரையும் முருங்கைக்காயும் விற்கிறேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. தலை நரைத்த பின்னும் கூச்சம் அதிகம், விலை கேட்டால்கூட மெதுவாகத்தான் சொல்வேன்.

அப்போதெல்லாம் சந்தைக்கு வரும் பெண்கள் நாங்கள் காலையில் வீட்டில் குடிப்பதோடு சரி, பொழுது சாய்ந்து திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டோம். ஒதுங்க இடமில்லை. பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையை, சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்காரர் பூட்டி, உள்ளே வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார். கேட்டால் கடை போடும் இடம் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சந்தை நாளில் எங்கே குடிப்பது?

அன்றைக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி ஒருவர் சந்தையைச் சுற்றிப் பார்த்தார். பூட்டைக் காட்டி ஏன் என்று கேட்டார்.

“பொம்பளைங்க யாரும் போறதில்லீங்க மேடம். அதான் பூட்டி வெச்சிருக்கேன்” என்றார் குத்தகைக்காரர்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பக்கத்தில் கொத்தமல்லி விற்பவள் யாருக்கும் அடங்காத வாய்க்காரி. அவளே கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அடிவயிறு எரிந்துகொண்டிருந்தது. எப்படி எழுந்தேனோ தெரியாது.

“தொறந்திருந்தாத்தானுங்க போறதுக்கு. இதுக்குப் பயந்துட்டு நாங்க தண்ணியே குடிக்கறதில்லீங்க” என்றேன்.

“கெழவி ஏதோ ஒளறுதுங்க” என்று சிரித்தார் அவர்.

“ஒளறலீங்க. தொறந்து பாருங்க, உள்ள வெங்காயந்தான் இருக்குது.”

அத்தனை ஆண்கள் நடுவில் இந்தப் பேச்சைப் பேசிவிட்டோமே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து, “ஆமாங்க, ஆயா சொல்றது நெசந்தாங்க” என்று ஒவ்வொரு குரலாக எழுந்தது. பூட்டைத் திறக்கச் சொல்லி, மூட்டைகள் வெளியே வரும்வரை அந்த அதிகாரி அங்கேயே நின்றார்.

கொத்தமல்லிக்காரி என் தோளில் இடித்தாள். “யக்கா, இத்தினி வருசமா அந்த வாய எங்க வெச்சிருந்த?”

அடுத்த வாரம் என் இடம் போயிருக்கும் என்று பயந்துகொண்டேதான் போனேன். எனக்கு முன்னால் வந்த பெண்கள் அங்கே சாக்கு விரித்து எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கழிப்பறை திறந்திருந்தது, தொட்டியில் தண்ணீரும் இருந்தது. நடுமத்தியானத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன்.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் புதிதாகக் கடை போட வந்த சின்னப் பெண்கள் எதுவும் யோசிக்காமல் அந்தக் கதவைத் திறந்து போய் வருவதைப் பார்க்கும்போதெல்லாம், என்னாலும் ஒரு காரியம் ஆனது என்று நெஞ்சு நிமிர்கிறது.